கம்மாய்க்கு எந்த ரீல்? விரால் பிடிக்க ஒரு பெய்ட்காஸ்டர் வாங்கின கதை

போன ரெண்டு எபிசோடு முழுக்க ஆபீஸ், அப்ரைசல்னு பேசிட்டோம். இன்னைக்கு ஊருக்குப் போவோம். "பெய்ட்காஸ்டிங் ரீல் வாங்கணும், நல்லா உழைக்கணும், ஆனா பர்ஸும் தாங்கணும், எதைப் பார்த்து வாங்குறது"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் வாங்கின முதல் ரீல்ல பண்ணின தப்பில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. பொங்கல் லீவுல திருச்சுழி பக்கம் ஒரு கம்மாய்க்கு சித்தப்பாவோட போயிருந்தேன். எழுதும்போது கண்மாய், எங்க வாயில கம்மாய். திருச்சுழின்னா ரமணர் 1879இல் பிறந்த ஊர், குண்டாற்றங்கரை. சுத்தி கரிசல் காடு, சீமைக்கருவேலம், நடுவுல கம்மாய்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில தண்ணி வந்தா உண்டு, இல்லேன்னா அந்த வருஷம் வெறும் பொட்டல். அந்த வருஷம் தண்ணி இருந்தது.

என் கையில ஆன்லைன்ல 1,400 ரூபாய்க்கு வாங்கின ரீல். பெட்டியில "18+1 பேரிங்"னு பெருசா போட்டிருந்தான். மூணாவது வீச்சுல ரப்பர் தவளையை ஒரு விரால் அடிச்சது. நல்ல மீன். ராடு வளைஞ்சது, ஹேண்டிலைச் சுத்தினேன், உள்ள 'கறக்'னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் ஹேண்டில் சுத்துது, லைன் வரல. கியர் பல்லு மழுங்கிப் போச்சு. மீன் நேரா கருவேல வேருக்குள்ள போயிருச்சு. லைன் வேர்ல உரசி அறுந்தது.

சித்தப்பா திட்டல. "மீனு போனது பெருசில்லடா. வாயில முள்ளோட போச்சே"ன்னு மட்டும் சொன்னாரு. அப்பதான் விஷயம் புரிஞ்சது. மோசமான ரீலால போறது நம்ம காசு மட்டும் இல்ல.

பாஸ் மீனே இல்லாத ஊர்ல பாஸ் ரீல் எதுக்கு?

கடையில, யூடியூப்ல எல்லாம் இதை "பாஸ் ரீல்"னுதான் சொல்லுவாங்க. லார்ஜ்மவுத் பாஸ் வட அமெரிக்க மீன், நம்ம கம்மாய்ல கிடையாது. ஆனா அந்த மீனும் நம்ம விராலும் வேட்டையாடுற விதம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பாசி, கோரை, வேருக்கு அடியில அசையாம நிக்கும். தவளையோ குஞ்சு மீனோ பக்கத்துல வந்தா ஒரே அடி. கொக்கி பட்டதும் திரும்ப பாசிக்குள்ள ஓடும். அதனால ரெண்டுக்குமே தேவை ஒரே மாதிரி சாமான்தான்: குறி பார்த்துப் போடணும், தடி லைன் தாங்கணும், மீனைத் திரும்ப விடாம இழுக்கணும்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். நீங்க போடப்போற லூர் எல்லாம் ஏழெட்டு கிராமுக்குக் கீழன்னா பெய்ட்காஸ்டர் வேண்டாம், சாதாரண ஸ்பின்னிங் ரீலே போதும். பத்து கிராமுக்கு மேல உள்ள தவளை லூர், தடி பிரெய்டு லைன், பாசி நிறைஞ்ச தண்ணி. இந்த மூணும் இருந்தாதான் இது அர்த்தமுள்ள செலவு.

சிக்கு ஏன் விழுது?

ஸ்பின்னிங் ரீல்ல ஸ்பூல் சும்மா நிக்கும், லைன் வளையம் வளையமா வெளிய விழும். பெய்ட்காஸ்டர்ல ஸ்பூலே சுத்தும். நீங்க வீசினதும் லூர் இழுக்க, ஸ்பூல் வேகம் பிடிக்கும். பாதி தூரத்துல காத்து லூரைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். ஸ்பூல் மட்டும் பழைய வேகத்துலயே சுத்தும். வெளிய போறதை விட உள்ள அதிகமா லைன் அவிழும். நம்ம பாஷையில சொன்னா, புரொடியூசர் வேகமா தள்ளுறான், கன்ஸ்யூமர் மெதுவா எடுக்குறான், நடுவுல பஃபர் நிரம்பி வழியுது. அந்த வழிசல்தான் சிக்கு.

இதைத் தடுக்கத்தான் பிரேக். ரெண்டு வகை. சென்ட்ரிஃபியூகல் பிரேக்ல சின்னச் சின்ன கட்டைகள் இருக்கும். ஸ்பூல் சுத்தும்போது அது வெளிப்பக்கமா தள்ளப்பட்டு ஒரு வளையத்துல உரசும். வேகம் ரெட்டிப்பானா தள்ளுற விசை நாலு மடங்காகும். அதனால வீச்சோட ஆரம்பத்துல நல்லா பிடிச்சு, கடைசியில விட்டுக்கொடுக்கும். மேக்னெட்டிக் பிரேக்ல உரசலே கிடையாது. அலுமினிய ஸ்பூல் காந்தத்துக்குப் பக்கத்துல சுத்தும்போது உள்ள சுழல் மின்னோட்டம் உண்டாகி அதுவே தடுக்கும். பெரும்பாலும் வெளிய ஒரு டயல் இருக்கும், திருகினா போதும். புதுசா பழகுறவங்களுக்கு இது சுலபம். எந்த வகையா இருந்தாலும் கடைசி பிரேக் உங்க கட்டைவிரல்தான்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

முதல்ல, பேரிங் எண்ணிக்கையை மறந்துடுங்க. ஸ்பூலை ரெண்டு பக்கமும் தாங்குற பேரிங்கும், பினியன் கியரைத் தாங்குறதும் நல்லா இருந்தா வீச்சும் சுத்தும் நல்லா இருக்கும். ஹேண்டில் குமிழ்ல நாலு, லெவல் வைண்டுல ரெண்டுன்னு சேர்த்து எண்ணிக்கையை ஏத்துறது கஷ்டமே இல்ல. நல்ல நாலு, மட்டமான பதினெட்டை விட மேல். என் முதல் ரீலே சாட்சி.

ரெண்டாவது, கியர். பித்தளைன்னா கனம், ஆனா உழைக்கும். அலுமினியம் இலேசு, பித்தளை அளவுக்குத் தேய்மானம் தாங்காது. எந்த உலோகம்னே சொல்லாத ரீல்னா சந்தேகப்படுங்க.

மூணாவது, ஃபிரேம். அலுமினிய ஃபிரேம் இழுவையில வளையாது. கிராஃபைட்னு சொல்றது நார் கலந்த பிளாஸ்டிக், இலேசு, விலையும் கம்மி, ஆனா பாரம் ஏறினா கொஞ்சம் வளையும். ஃபிரேம் வளைஞ்சா கியர் பற்கள் ஒண்ணோட ஒண்ணு சரியா பொருந்தாது, தேய ஆரம்பிக்கும். கடையில கையில எடுத்தா ரெண்டு பக்கத் தகட்டையும் அமுக்கிப் பாருங்க. 'கிறுக்'னு சத்தம் வந்தா வெச்சிட்டு வந்துடுங்க. ஹேண்டிலை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னு இருக்கக் கூடாது.

நாலாவது, கியர் ரேஷியோ. 7.2:1னா ஹேண்டில் ஒரு சுத்து சுத்தினா ஸ்பூல் 7.2 தடவை சுத்தும். ஸ்பூல் விட்டம் 34 மில்லிமீட்டர்னு வெச்சுப்போம். சுற்றளவு சுமார் 10.7 சென்டிமீட்டர். 6.3 ரேஷியோன்னா ஒரு சுத்துக்கு 67 சென்டிமீட்டர், 7.2ன்னா 77, 8.2ன்னா 88 லைன் வரும். வேகம் கூடக்கூட இழுக்குற பலம் குறையும், சைக்கிள் கியர் மாதிரிதான். விரால் அடிச்சதும் தளர்ந்த லைனை உடனே எடுக்கணும், பாசியோட சேர்த்தும் இழுக்கணும். அதனால முதல் ரீலுக்கு ஏழு ஒட்டி எடுத்தா ரெண்டுக்கும் ஒத்து வரும்.

அஞ்சாவது, டிராக். ஐந்து கிலோ டிராக் நம்ம விராலுக்குத் தாராளம். பெட்டியில பத்து கிலோன்னு போட்டிருக்கிறதைப் பார்த்து மயங்காதீங்க. அந்த பத்து கிலோவை அந்த ஃபிரேம் தாங்குமாங்கிறதுதான் கேள்வி.

ஆறாவது, லைன். பாசிக்குள்ள போடறதுக்கு 40, 50 பவுண்டு பிரெய்டு வேணும். 50 பவுண்டு பிரெய்டு, தடிமன்ல சாதாரண 12 பவுண்டு நைலான் லைன் அளவுதான் இருக்கும். அதனால ரீல்ல 12 பவுண்டு நைலான் நூறு மீட்டர் பிடிக்கும்னு போட்டிருந்தா கம்மாய்க்குப் போதும். பிரெய்டை நேரா ஸ்பூல்ல கட்டினா வழுக்கி அப்படியே சுத்தும். அடியில பத்து சுத்து நைலான் போட்டு, அதுல முடிச்சுப் போடுங்க.

கடைசியா, பலரும் ஏமாறுற இடம். ஸ்பின்னிங் ரீல்ல ஹேண்டிலைக் கழட்டி பக்கம் மாத்தலாம். இதுல முடியாது. இடது கை, வலது கைன்னு தனித்தனி மாடல். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பாருங்க.

பேர் சொல்லுப்பா

சரி, சொல்றேன். இது விளம்பரம் இல்ல, யாரும் எனக்கு ரீல் குடுக்கல.

பட்ஜெட் சின்னதுன்னா அபு கார்சியாவோட பிளாக் மேக்ஸ். கிராஃபைட் ஃபிரேம், மேக்னெட்டிக் பிரேக், 6.4 ரேஷியோ. பழகுறதுக்கு நல்ல ரீல், டயலைத் திருகினா வேலை முடிஞ்சது. கொஞ்சம் சேர்த்து வெச்சு வாங்க முடியும்னா ஷிமானோ எஸ்.எல்.எக்ஸ். உலோக உடம்பு, சென்ட்ரிஃபியூகல் பிரேக், 6.3, 7.2, 8.2 மூணு ரேஷியோவுலயும் உண்டு. என் கையில இப்ப இருக்கிறது 7.2.

ஒரு சுவாரஸ்யம். இந்த ரெண்டு கம்பெனியுமே 1921இல் ஆரம்பிச்சது, ரெண்டுமே ரீல் செய்ய ஆரம்பிச்சதில்ல. அபு ஸ்வீடன்ல கைக்கடிகாரத்துக்கு முந்தின சட்டைப்பை கடிகாரம் செய்யற பட்டறை. பிறகு டாக்ஸி மீட்டர் செஞ்சது. ஷிமானோ ஜப்பான்ல சைக்கிள் ஃப்ரீவீல் செஞ்ச கம்பெனி. இந்த வகை ரீலை முதல்ல உருவாக்கினவங்களும் 1800களின் தொடக்கத்துல அமெரிக்காவோட கென்டக்கியில இருந்த கடிகாரக்காரங்கதான். பல் பல்லா சரியா வெட்டின சக்கரம், அதுதான் இந்தப் பொருளோட உயிர். நான் 1,400 ரூபாய்ல மிச்சம் பிடிக்கப் பார்த்தது அதைத்தான்.

வீசிப் பழகுறது

லூரைக் கட்டி ராடை நீட்டி, ஸ்பூலை விடுங்க. லூர் மெதுவா இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிக்கணும். நிக்கலேன்னா ஹேண்டில் பக்கத்துல இருக்கிற சின்னக் குமிழை இறுக்குங்க. பிரேக்கை முழுசா வெச்சு ஆரம்பிச்சு, வாரம் வாரம் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. எதிர்காத்துன்னா திரும்ப ஏத்துங்க.

நான் பழகினது ஆடி மாசம், வத்திப் போன கம்மாய்க்குள்ள. லூருக்குப் பதிலா ஒரு நட்டைக் கட்டிக்கிட்டு, நடுவுல ஒரு பழைய வாளியை வெச்சு வீசினேன். ஆடு மேய்க்க வந்த தாத்தா அரை மணி நேரம் நின்னு பார்த்துட்டு, "தண்ணி இல்லாத கம்மாய்ல என்னத்தப்பா பிடிக்கிற?"ன்னு கேட்டுட்டுப் போனாரு.

அன்னைக்கு விழுந்த சிக்கை வீட்டுக்குக் கொண்டு வந்து கத்தரிக்கோல் தேடினேன். சித்தி வாங்கிக்கிட்டாங்க. எங்க வீடு நெசவு வீடு, சின்ன வயசுல இருந்து தார் சுத்தின கை. "இழுக்காதடா, இழுத்தா இறுகும். மேல எந்த இழை கிடக்குன்னு பாரு"ன்னாங்க. பத்து நிமிஷத்துல எடுத்துட்டாங்க. சின்னச் சிக்குன்னா இன்னொரு வழியும் இருக்கு. டிராக்கை இறுக்கி, கட்டைவிரலால ஸ்பூலை அழுத்திக்கிட்டே ஹேண்டிலை ரெண்டு மூணு சுத்து சுத்துங்க. அப்புறம் லைனை மெதுவா உருவினா பெரும்பாலும் வந்துடும்.

புழுதிதான் எதிரி

நம்ம காட்டுல ரீலைக் கொல்றது தண்ணி இல்ல, கரிசல் புழுதி. கரையில ரீலைத் தரையில வைக்காதீங்க. பைக்ல போகும்போது ஒரு பழைய சாக்ஸுக்குள்ள போட்டுக்கங்க. வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியால துடைச்சு, டிராக்கைத் தளர்த்தி வைங்க. குழாய்த் தண்ணியை வேகமா அடிக்காதீங்க, மண்ணு உள்ள போகும். பேரிங்குக்கு ஒரே ஒரு சொட்டு ரீல் எண்ணெய். அவசரத்துக்கு தையல் மிஷின் எண்ணெய் ஓகே, தேங்காய் எண்ணெய் கூடாது, பிசுபிசுன்னு ஆயிடும். கியருக்கு எண்ணெய் இல்ல, கிரீஸ். வேம்பார் பக்கம் போய் கொடுவா பிடிச்சீங்கன்னா அன்னைக்கு ராத்திரியே நல்ல தண்ணியில துடைச்சிடுங்க. உப்பு மறுநாள் வரைக்கும் காத்திருக்காது.

கடைசியா ஒண்ணு

கம்மாய் மீனுக்குக் குத்தகைக்காரர் இருப்பாரு. அவர் ஏலத்துல காசு கட்டினவர். அவர்கிட்ட கேட்காம ராடைப் பிரிக்காதீங்க. நான் இதுவரை கேட்ட இடத்துல, விட்டுடறேன்னு சொன்னா பெரும்பாலும் சரின்னுதான் சொல்லியிருக்காங்க.

தண்ணி மேல சிவப்பா குஞ்சுக் கூட்டம் கொப்பளிச்சிட்டே போனா, அது விரால் குஞ்சு. அடியில தாயும் தகப்பனும் காவல் இருக்கும். கிட்டத்துல எது போனாலும் அடிக்கும், அதனால பிடிக்கிறது ரொம்ப சுலபம். அங்க போடாதீங்க. காவல் போனா குஞ்சுக மத்த மீனுக்கு இரையாயிடும். வருஷத்துல நாலைஞ்சு மாசம் தண்ணி நிக்கிற ஊர்ல அந்தக் கூட்டம்தான் அடுத்த வருஷத்து மீன்.

இப்ப என் லூர்ல எல்லாம் கொக்கி நுனியில இருக்கிற எதிர்ச்செதிலை பிளையரால அமுக்கி விட்டிருக்கேன். லைன் அறுந்தாலும் மீன் உதறிட்டுப் போக வாய்ப்பு உண்டு. சில மீன் நழுவிப் போகுது, போகட்டும். இந்தத் தைக்கு சித்தப்பாகிட்ட புது ரீலைக் குடுத்தேன். ரெண்டு சுத்து சுத்திப் பார்த்தாரு, காதுகிட்ட வெச்சு சத்தம் கேட்டாரு. "இது அறாதுல்ல?"ன்னு கேட்டாரு.

அறாதுன்னு சொல்ல முடியல. "கியர் போகாது சித்தப்பா"ன்னேன். போதும்னு தலையை ஆட்டிட்டு கரையில இறங்கிட்டாரு.

அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே.