20 டாலர் நோட்டில் இருப்பது எந்த மேப்பிள்?

கனடா மத்திய வங்கி 2012-ல் புது 20 டாலர் நோட்டு வெளியிட்டது. அதில் இருக்கிற இலை நம்ம நாட்டு மரத்தோடதே இல்லை, ஐரோப்பாவிலிருந்து வந்த நார்வே மேப்பிள் என்று 2013 தொடக்கத்தில் ஒரு தாவரவியலாளர் சொல்ல, பெரிய பேச்சாகிவிட்டது. குறிப்பிட்ட எந்த மரமும் இல்லை, பொதுவாக வரைந்த இலைதான் என்றது வங்கி.

கேட்கச் சிரிப்பா இருக்கும். ஆனா காட்டோரம் ஒரு கன்றைப் பிடுங்கறதுக்கு முன்னாடி இந்தக் குழப்பம் தீரணும். தெரு நிழலுக்காக நட்ட நார்வே மேப்பிளோட விதை, காத்துல பறந்து காட்டுக்குள்ள போயிடுது. அது போடற அடர்ந்த நிழல்ல அந்த மண்ணின் செடிகள் எழும்பறது கஷ்டம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் இதை விற்கவே தடை போட்டிருக்கு. சிரப் தர்ற சுகர் மேப்பிளோ அச்சு அசல் அதே மாதிரி இருக்கும்.

இலை வடிவத்தை நம்பாதீங்க. காம்பைக் கிள்ளுங்க. எருக்கு மாதிரி வெள்ளையா பால் வந்தா நார்வே. சுகர் மேப்பிள்ல தெளிவான நீர்தான் வரும். இவ்வளவு சுத்தமான யெஸ்-நோ டெஸ்ட் நான் எழுதற கோடுலகூடக் கிடையாது!

இலை இல்லாத குளிர்காலத்துல மொட்டைப் பாருங்க. சுகர் மேப்பிளுக்குப் பழுப்பா, கூர்மையா இருக்கும். நார்வேக்குக் குண்டா, மொண்ணையா. ஜோடியா தொங்கற விதை இறக்கைகள் நார்வேயில் கிட்டத்தட்ட நேர்கோடு, சுகர் மேப்பிள்ல குதிரை லாடம். இலையுதிர் காலத்துல, மத்த மேப்பிளெல்லாம் கொட்டின பிறகும் பச்சையா நிக்கிறது பெரும்பாலும் நார்வேதான்.