உழைப்பவள் கணக்குக் கேட்கும்போது

மூதூரில் சுபஹுத் தொழுகைக்கு முன்னரே புகையத் தொடங்கும் இடியப்ப அடுப்புகளுக்கு முன்னால் அமர்ந்திருப்பவர்கள் பெண்கள். வயலில் கூலிக்கு நிற்பவர்களும், தையல் இயந்திரத்தோடு இரவைக் கழிப்பவர்களும், பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைத்துவிட்டு மத்திய கிழக்குக்குப் போனவர்களும் இப்பிரதேசத்தில் உள்ளனர். 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதி அரேபியாவில் மரண தண்டனைக்கு ஆளான றிஸானா நபீக்கும் வறுமை காரணமாகப் புறப்பட்ட மூதூர் மகளே. 2004ஆம் ஆண்டின் கடற்கோளும் 2006ஆம் ஆண்டின் இடம்பெயர்வும் பல வீடுகளின் செலவைப் பெண்ணின் தலையில் சுமத்தின. சுமை மாறிய அளவுக்கு அதிகாரம் மாறவில்லை.

இத்தகைய வீடுகள் சிலவற்றில், அவள் உழைத்த பணத்துக்காகவே அவள் அடிபடுகிறாள். அவளது எதிர்ப்பு ஒரே நாளில் பிறப்பதுமில்லை. முதலில் சீட்டுக் காசைக் கணவன் அறியாத இடத்தில் வைக்கிறாள். அடுத்து, தன் பெயரில் வங்கிக் கணக்கொன்றைத் திறக்கிறாள். பிறகொரு நாள், அடி விழும்போது அயல் வீட்டுக்குக் கேட்கும்படி குரல் எழுப்புகிறாள். அன்றுதான் ஊர் அவளுக்கு "வாய்க்காரி" என்று பெயர் சூட்டுகிறது. அதுவரை அடித்தவனுக்கு ஊர் எந்தப் பெயரும் வைத்திருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இஸ்லாமிய சட்ட மரபில் மனைவியின் சம்பாத்தியம் அவளுக்கே உரியது. குடும்பத்தைப் பராமரிப்பது கணவனின் கடமை. சாபித் பின் கைஸ் அவர்களின் மனைவி, கணவரின் மார்க்கத்திலோ குணத்திலோ குறை கூறாமலே, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்து விடுதலை பெற்ற சம்பவம் ஹதீஸ்களில் பிரசித்தமானது. பிரிவு கேட்கும் பெண்ணை மார்க்க விரோதியாகப் பார்ப்போர் இதை ஏன் பேசுவதில்லை?

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும், கொடுமைக்காக மனைவி காதியிடம் பஸஹ் விவாகரத்துக் கோர இடமளிக்கிறது. பொதுச் சட்டத்தின்கீழ் மணமுடித்த தமிழ்ப் பெண்ணுக்கு இந்த வசதி நேரடியாக இல்லை. விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் சோரம், வன்மமான கைவிடுகை, திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை ஆகிய மூன்றையே காரணங்களாகக் கூறுகிறது. அடியை அவள் கைவிடுகையாக வாதிட்டே நிறுவ வேண்டும்.

ஆயினும், ஏட்டிலுள்ள உரிமை கைக்கு வருவது எளிதன்று. தலாக் கூறும் கணவன் காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. பஸஹ் கோரும் மனைவியோ சாட்சிகளோடு வரவேண்டும். நான்கு சுவர்களுக்குள் விழுந்த அடிக்குச் சாட்சி யார்? காதி முன்னிலையில் சட்டத்தரணி தோன்றவும் 1951ஆம் ஆண்டுச் சட்டம் இடம் வைக்கவில்லை; காதியாக ஆண் ஒருவரையே நியமிக்கலாம் என்றும் அது விதித்தது. இவற்றை ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2018இல்தான் அறிக்கை கையளித்தது. ஒன்பது ஆண்டுகள்! அதற்குள் ஒரு சிறுமி பாடசாலையையே முடித்துவிடுவாள்.

பலர் அறியாத இன்னொரு வாசல் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமாகும். இது இன, மத வேறுபாடின்றி எல்லோருக்கும் உரியது. விவாகரத்து வேண்டாம், அடி நின்றால் போதும் என்று நினைக்கும் பெண்ணும் நீதவான் நீதிமன்றில் விண்ணப்பிக்கலாம்; அவள் சார்பில் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். நீதவான் இடைக்காலக் கட்டளை பிறப்பித்து, விசாரணையின் பின் 12 மாதங்கள் வரையிலான பாதுகாப்புக் கட்டளை வழங்க முடியும். உடற்காயம் மட்டுமன்றி, மனரீதியான கொடுமையும் இச்சட்டத்தில் அடங்கும்.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, துணையோடு வாழ்ந்த இலங்கைப் பெண்களில் ஐவரில் ஒருவர் அத்துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியுள்ளார். ஆகவே இது மூதூருக்கோ முஸ்லிம்களுக்கோ மட்டும் உரிய நோய் என்று எவரும் விரல் நீட்ட வேண்டியதில்லை.

"பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள் மகளே" என்று திருப்பி அனுப்பும் பெரியவர்கள், அனுப்புமுன் அவளை அரச வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லட்டும். அங்கே எழுதப்படும் காயக் குறிப்பு, காதி முன்னிலையிலும் நீதவான் முன்னிலையிலும் அவளுக்கு உதவும். பொலிஸ் நிலையத்து மகளிர் பிரிவில் முறைப்பாட்டை எழுத்தில் பதிந்து, அதன் இலக்கத்தைப் பெற்றுக்கொள்வதும் அவசியம். மகளிர் உதவிக்கான அரச தொலைபேசி இலக்கம் 1938.