குள்ளர் வீட்டின் நான்கு சுவர்கள்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு வருகிறவர்கள் பீமன் அருவியில் குளித்து, ஏரியில் படகு ஓட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கீழ்சேப்பிளிக் குன்றுக்கு ஏறுகிறவர்கள் குறைவு. அங்கேதான் குள்ளர் குகைகள் இருக்கின்றன. குகை என்று ஊரார் சொன்னாலும் யாரும் குடைந்ததல்ல, பலகைக்கற்களை நிறுத்தி எழுப்பிய கட்டடங்கள். தொல்லியல் அறிஞர்கள் கல்திட்டை என்கிறார்கள். பெருங்கற்காலத்தவை, மூவாயிரம் ஆண்டுப் பழமை என்று கணக்கிடுகிறார்கள்.

நான் கல்வேலைக் குடும்பத்தில் பிறந்தவன். எந்தக் கட்டடத்தின் முன்னால் நின்றாலும், கல் எங்கிருந்து வந்தது, எதைப் பிடித்து நிற்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

முதலில் கல். வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்ட பாறையில் மேல்பகுதி ஏடு ஏடாகக் கழன்றிருக்கும். தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அதன்மேல் விறகை அடுக்கித் தீ மூட்டினால் மேல்ஏடு சூட்டில் விரிந்து அடிப்பாறையை விட்டுப் பிரியும். பிறகு கடப்பாரையும் மர நெம்புகோலும் போதும். எங்கள் தாத்தா காலம் வரை கற்குழிகளில் நடந்த வேலை இது. கர்நாடகத்தின் ஹிரேபெணகலில் நூற்றுக்கணக்கில் நிற்கும் கல்திட்டைகளுக்கும் பக்கத்துப் பாறையிலிருந்துதான் பலகை உரித்திருக்கிறார்கள்.

இனி சுவர். தென்னிந்தியக் கல்திட்டைகள் பலவற்றில் நான்கு பக்கக் கற்களும் மூலைக்கு மூலை நேராகச் சந்திப்பதில்லை. ஒவ்வொரு கல்லின் ஒரு முனை அடுத்த கல்லின் உட்புறத்தில் முட்டி நிற்கும். மறுமுனை மூலையைத் தாண்டி வெளியே நீளும். அட்டைப்பெட்டியின் நான்கு மடிப்புகளையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி மூடுவோமே, அந்த முறைதான். வெளியே குவித்த மண்ணும் கல்லும் சுவரை உள்ளே தள்ளத் தள்ள, கற்கள் ஒன்றையொன்று இன்னும் இறுக்கிப் பிடிக்கும். மேலே மூடுகல் தன் எடையால் அழுத்தும். சுண்ணாம்பு கிடையாது, இரும்புக் கொக்கி கிடையாது. இதை முதலில் யோசித்த ஆளை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

பிரிட்டனின் வேல்ஸ் நாட்டிலும் இப்படிக் கல்வீடுகள் உண்டு. அங்கே பென்ட்ரே இவானில் சுமார் 5 மீட்டர் நீளமும் 16 டன் எடையும் கொண்ட மூடுகல் மூன்று கூர்க்கற்களின் நுனியில் நிற்கிறது. கி.மு. 3500 வாக்கில் எழுந்தது, நம்முடையதைவிட மிகப் பழையது. ஆனால் அவர்கள் நம்பியது எடைச் சமநிலையை; நம்மவர்கள் நம்பியது பூட்டை.

குள்ளர் குகைகளின் முகப்புக் கல்லில் வட்டமாக ஒரு துளை போட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் தவழ்ந்துதான் நுழைய முடியும். அதனால்தான் இங்கே குள்ள மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்ற கதை பிறந்தது. துளையின் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். சிறுகச் சிறுகக் கொத்தி எடுத்து, பிறகு தேய்த்திருக்கிறார்கள். பலகைக்கல்லின் நடுவில் துளை போடுவது ஆபத்தான வேலை. ஓர் அடி கூடுதலாக விழுந்தால் கல் முழுவதும் பிளந்துவிடும்.

உண்மையில் இவை இறந்தோருக்கான வீடுகள். இத்தகைய கல்லறைகளில் எலும்புகளோடு கறுப்பு-சிவப்பு மண்கலங்களும் இரும்புக் கருவிகளும் கிடைக்கின்றன. இறந்தவர்களை அடக்கும் ஐந்து முறைகளை மணிமேகலை சொல்கிறது. அந்த நீண்ட மரபின் மூத்த சாட்சி இந்தக் குன்று. துளை வழியே பின்னாளில் இறந்தவர்களின் எலும்பையும் படையலையும் உள்ளே வைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஒரு கருத்து. உயிரோடு இருந்தவர்கள் மண்சுவரிலும் புல்கூரையிலும் வாழ்ந்திருக்க வேண்டும். அந்த வீடுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. இம்மலையின் மலையாளிப் பழங்குடியினரின் பழைய வீடுகளும் மண்ணும் புல்லும்தான்.

புதையல் தேடி இப்படிப்பட்ட கட்டடங்களின் அடியைத் தோண்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு பக்கக் கல்லை உருவினால் பூட்டு விட்டுப்போகும். மற்ற மூன்றும் சாயும், மூடுகல் இறங்கிவிடும். நின்றிருப்பவை ஒவ்வொன்றையும் இப்போதே அளந்து, எந்தக் கல் எதன்மேல் முட்டுகிறது என்று வரைந்து வைத்தால், சரிந்ததைக்கூட மறுபடி நிறுத்த முடியும். கல்வேலை தெரிந்தவர்கள் மலையடிவாரத்தில் இன்னும் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம்.