வைரஸும் கொழுப்புக் குமிழும்

சிக்குன்குனியாவில் படுத்தெழுந்தவர்களுக்கு அதன் கொடுமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்நோயைத் தரும் வைரஸ் தானாகப் பெருகாது. நமது தேகத்திலுள்ள உயிரணுவுக்குள் புகுந்தால்தான் அதற்கு வாழ்வு. ஆனால் உயிரணுவைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய தோல் ஒன்று காவலாக இருக்கிறதே. அதை வைரஸ் எவ்விதம் கடக்கிறது?

இதற்கு விடை காண உதவியது, 1942-ம் வருஷம் உகாண்டாவின் செம்லிக்கி வனத்துக் கொசுக்களிடம் கண்டெடுத்த வைரஸ். சிக்குன்குனியா வைரஸுக்கு இது நெருங்கிய பந்து. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இவற்றுள் சுமார் 14,000-ஐ வரிசையாக நிறுத்தலாம். ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்து ஆராய்ச்சிச் சாலையில் ஆரி ஹெலேனியஸும் அவர் தோழர்களும் இதை ஆராய்ந்தார்கள். உயிரணுவே தன் தோலைக் குழித்து, வைரஸைச் சிறு பையொன்றில் அடக்கி உள்ளே இழுத்துக்கொள்வதை அவர்கள் கண்டார்கள். சற்று நேரத்தில் அப்பையின் உட்புறம் புளிப்பேறும்.

வைரஸ் பையிலிருந்து வெளிப்படுவதற்கு இப்புளிப்புத்தானா காரணம்? உயிரணுவில் ஒரே சமயத்தில் ஆயிரம் காரியங்கள் நடக்கின்றன. அங்கே நிச்சயித்தல் அரிது. ஆகவே ஹெலேனியஸும் ஜூடித் ஒயிட் என்ற பெண்மணியும் லிப்போசோம் எனப்படும் வெறும் கொழுப்புக் குமிழ்களைக் கொண்டு பரீட்சித்தார்கள். சாதாரண நீரில் வைரஸும் குமிழும் தனித்தனியே இருந்தன. நீரின் பி.எச். அளவை 7-லிருந்து 6-க்கு இறக்கிப் புளிப்பேற்றியதும், சோப்பு நுரையில் இரு குமிழ்கள் ஒன்றாவதுபோல், சில விநாடிகளில் இரண்டின் தோலும் கலந்துவிட்டன! 1980-ல் இம்முடிவு வெளியாயிற்று. நம்மைக் காக்கவேண்டிய உயிரணுவின் புளிப்பே சத்துருவுக்குத் திறவுகோலாயிற்று.

இப்போது உயிரணுவின் சொந்தத் தோலிலிருந்தே குமிழ்களை எழுப்பிப் பிரித்தெடுக்கிறார்கள். வைரஸ் பற்றிக்கொள்ளும் புரதங்களும் அவற்றில் அமைந்திருக்கின்றன. வைரஸின் தோலில் ஒருவகைச் சாயத்தை நெருக்கமாக ஏற்றுவார்கள். நெருக்கத்தில் மங்கியிருக்கும் அச்சாயம், தோல்கள் கலந்து பரவியதும் பிரகாசிக்கும். கலந்த கணத்தைக் கண்ணாலேயே காணலாம்.

இது வீண் வேடிக்கையன்று. 2020-ல் கொரோனா பரவியபோது, பையின் புளிப்பைக் குறைக்கும் குளோரோகுவின் மருந்து, குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் அவ்வைரஸைத் தடுத்தது. உலகமெங்கும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் அவ்வகை மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது பலன் கிட்டவில்லை. நுரையீரல் உயிரணுக்களின் வெளித்தோலில் உள்ள நொதியொன்றின் துணையால், பைக்குள் செல்லாமலே நுழையும் வழியும் அவ்வைரஸுக்கு உண்டு என்பது ஒரு காரணம். கொல்லைக் கதவைத் தாழிட்டோம். திருடன் வாசல் வழியே வந்தான்.

நொதியைச் சேர்த்தும் நீக்கியும், புளிப்பை ஏற்றியும் இறக்கியும், எந்த வைரஸுக்கு எது வழி என்று குமிழில் தனித்துப் பார்க்கலாம். வழியை அறிந்த பின் மருந்தைத் தேடுவதே விவேகமாகும்.