கிட்னிக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

"பிரசர் மாத்திரை குடிச்சுக் குடிச்சே கிட்னி போயிடும்" என்று லயங்களில் சிலர் சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். இதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. பிரசரை அடக்காமல் விட்டால்தான் சிறுநீரகம் கெடும். அதோடு இருதயமும் கெடும்.

சிறுநீரகம் செய்யும் வேலை

நம் உடம்பில் இரண்டு சிறுநீரகங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 இலட்சம் நுண்ணிய வடிகள் இருக்கின்றன. இவை ஒரு நாளைக்குச் சுமார் 180 லீட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. தேவையானதைத் திரும்ப இரத்தத்துக்கே அனுப்பிவிட்டு, கழிவை மட்டும் ஒன்றிரண்டு லீட்டர் சலமாக வெளியேற்றுகின்றன. தொழிற்சாலையில் தூள் சலிக்கும் சல்லடை கிழிந்தால் நிற்க வேண்டியதும் கீழே விழுந்துவிடும் அல்லவா? அதுபோல இந்த வடிகள் பழுதானால் உடம்புக்கு வேண்டிய புரதம் சலத்தோடு போய்விடும்.

இருதயம் ஏன் பாதிக்கப்படுகிறது?

வெளியேற வேண்டிய உப்பும் நீரும் உடம்பிலேயே தங்கும். பிரசர் ஏறும். அதை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத்தின் சுவர் தடித்துப்போகும். இரத்தம் ஊறுவதற்குச் சிறுநீரகம் சுரக்கும் பொருளும் குறைவதால் இரத்தச்சோகை வரும். இருதயத்துக்கு வேலை இன்னும் கூடும். பொட்டாசியம் அளவுக்கு மிஞ்சினால் இருதயத் துடிப்பே தடுமாறும். இதனால்தான் சிறுநீரக நோயாளர் பலர் இருதய நோயாலேயே இறக்கிறார்கள்.

ஆராய்ச்சிகள் சொல்வது

1836ஆம் ஆண்டிலேயே லண்டன் வைத்தியர் ரிச்சர்ட் பிரைட், சிறுநீரக நோயால் இறந்தவர்கள் பலரின் இருதயம் பெருத்திருந்ததை எழுதிவைத்தார். 2004இல் அமெரிக்காவில் 11 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் விபரங்களைப் பார்த்தார்கள். சிறுநீரகத்தின் வேலை குறையக் குறைய, மாரடைப்பு போன்ற ஆபத்துகள் கூடுவது தெரிந்தது.

2011இல் வெளியான ஓர் ஆய்வில் 9,000க்கு மேற்பட்ட சிறுநீரக நோயாளர் பங்குபற்றினர். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகள் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவற்றை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைத்தன. சீனி வியாதிக்கென வந்த டபாக்லிஃபுளோசின் என்ற மாத்திரை, சீனி இல்லாத சிறுநீரக நோயாளருக்கும் உதவுகிறது என்று 2020இல் தெரியவந்தது. ஆனால் எந்த மருந்து யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

• சீனி, பிரசர் உள்ளவர்கள் வருடம் ஒரு தடவையாவது சலத்தையும் இரத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் இந்த நோய் வெளியே தெரியாது.
• கருவாடு, ஊறுகாய், உப்பு ஆகியவற்றைக் குறையுங்கள்.
• கூடை சுமந்த முதுகுவலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கி நாட்கணக்கில் விழுங்காதீர்கள். டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை.
• புகைத்தலை விடுங்கள்.
• கால் வீக்கம், மலை ஏறும்போது புதிதாக மூச்சு வாங்குதல், சலத்தில் நுரை இருந்தால் தோட்ட டிஸ்பென்சரியில் உடனே சொல்லுங்கள்.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையென்றால் கிளினிக்கில் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். நாமாக நிறுத்த வேண்டாம். ஒரு நாள் பேர் போகுதே என்று கிளினிக்கைத் தள்ளிப்போடவும் வேண்டாம். நோய் முற்றினால் போவது ஒரு நாள் சம்பளம் மட்டுமல்ல.