டியூக்ஸ்பரியில் வீடு வாங்குமுன்

செவர்ன் ஆறும் ஏவன் ஆறும் கூடுமிடத்தில் இருக்கிறது டியூக்ஸ்பரி. க்ளாஸ்டர்ஷயரின் பழைய சந்தை நகரங்களில் ஒன்று. மரச்சட்டம் வெளியே தெரியும் வீடுகள், எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள், நார்மன் காலத்துப் பெரிய தேவாலயம். லண்டன் வாடகையில் சலித்தவர்களும் பக்கத்து ஊர் மருத்துவமனைகளில் வேலை கிடைத்து வருகிறவர்களும் இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீடு வாங்கிவிடலாம் என்று ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் இங்கிலாந்துச் சட்டத்தில், வீட்டின் குறைகளை விற்பவர் தானாக முன்வந்து சொல்ல வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் கிடையாது. கேட்டதற்குப் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே கேட்கும் வேலை வாங்குபவருடையது. அதையும் ஒப்பந்தம் கைமாறி இரு தரப்பும் கட்டுப்படுவதற்கு முன்பே, எழுத்தில் கேட்க வேண்டும்.

முதலில் தண்ணீர். 2007 ஜூலையில் பெய்த மழையில் அந்தத் தேவாலயத்தைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்து, அது தீவுபோல நின்ற வான்வழிப் படம் உலகம் முழுக்கப் போனது. ஊருக்குப் பக்கத்திலிருந்த மைத் குடிநீர் நிலையமும் மூழ்கியது. சுமார் 3,50,000 பேருக்குக் குழாயில் தண்ணீர் நின்றது. வெள்ளத்தில் நனையாத வீட்டுக்காரரும் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்.

சுற்றுச்சூழல் முகமையின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் அந்த இடத்தின் வெள்ள அபாயத்தை இலவசமாகப் பார்க்கலாம். ஆற்று வெள்ளம் தனி, மழைநீர் தேங்குவது தனி, இரண்டையும் பாருங்கள். ஆண்டுக்கு 1 முதல் 3.3 சதவீத வாய்ப்பு இருந்தால் அதை 'நடுத்தர' அபாயம் என்கிறார்கள். கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். 25 வருட வீட்டுக் கடனோடு சேர்த்துக் கணக்குப் போட்டால், 1 சதவீதமே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகிறது, 3.3 சதவீதம் பாதியைத் தாண்டிவிடுகிறது.

வரைபடம் சொல்லாததைச் சில சமயம் வீடே சொல்லும். தரைத்தளத்தில் மின்சார ப்ளக் இடுப்பு உயரத்தில் இருக்கிறதா? கார்ப்பெட் இல்லாமல் கல் பாவியிருக்கிறதா? வாசல் நிலையின் இருபுறமும் பலகை செருகும் உலோகக் காடி இருக்கிறதா? இருந்தால் அந்த வீட்டுக்கு வெள்ள அனுபவம் உண்டு என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். அதனாலேயே வேண்டாம் என்று ஓட வேண்டியதில்லை. தயாராக இருக்கும் வீடு, தயாராக இல்லாத பக்கத்து வீட்டைவிட மேல்.

காப்பீட்டு விலையை மட்டும் முன்பே வாங்கி வையுங்கள். வழக்கமான விற்பனை நிபந்தனைகளின்படி, ஒப்பந்தம் கைமாறிய நாளிலிருந்தே வீட்டுக்கு நேரும் சேதம் வாங்குபவர் தலையில். சாவி கைக்கு வரும் நாளிலிருந்து அல்ல. வெள்ளப் பகுதி வீடுகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் காப்பீடு கிடைக்க 2016 முதல் 'ஃப்ளட் ரீ' என்ற ஏற்பாடு இருக்கிறது. 2009 ஜனவரி 1 முதல் கட்டிய வீடுகளுக்கு அது பொருந்தாது. ஊர் ஓரத்துப் புதுக் குடியிருப்பு பழைய தெருவைவிடப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பழைய வீட்டுக்கு வேறு தலைவலி. அது பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும், உள்ளே செய்தாலும், உள்ளாட்சியின் ஒப்புதல் வேண்டும். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்புதலில்லாத வேலை கிரிமினல் குற்றம். அந்தக் குற்றம் செய்தவரைச் சேரும். ஆனால் பழையபடி மாற்றச் சொல்லும் நோட்டீஸ், அன்றைக்கு வீட்டின் உரிமையாளர் யாரோ அவருக்குத்தான் வரும். அதற்குக் காலவரம்பும் கிடையாது. முந்தைய உரிமையாளர் மாட்டிய பிளாஸ்டிக் ஜன்னலை நீங்கள் கழற்றி, மரத்தில் செய்து போட வேண்டியிருக்கும். ஜன்னல், சமையலறை, இடித்த சுவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் நகலைக் கேளுங்கள். கைவசம் இல்லையென்றால் விலை குறைய வேண்டும், அல்லது விற்பவர் ஒப்புதல் வாங்கித் தர வேண்டும்.

சந்து ஓரத்து வீடுகளில் இன்னொன்று உண்டு. உங்கள் படுக்கையறை சந்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கீழே இருக்கும் தரை அடுத்தவருடையது. 'ஃப்ளையிங் ஃப்ரீஹோல்ட்' என்பது இதுதான். கீழே உள்ளவர் தாங்கும் சுவரைப் பழுதுபார்ப்பேன் என்று முன்னொரு காலத்தில் எழுதிக் கொடுத்திருந்தாலும், அவரிடமிருந்து வாங்கியவரை அது தானாகக் கட்டுப்படுத்தாது. இங்கிலாந்துச் சொத்துச் சட்டத்தின் பழைய ஓட்டை அது. சில வங்கிகள் இதைக் கண்டாலே கடன் கொடுக்கத் தயங்கும். வாங்கும் வேலையைக் கவனிக்கும் உங்கள் வக்கீல், அதாவது சொலிசிட்டர், பத்திரத்தைத்தான் பார்ப்பார், பெரும்பாலும் வீட்டுக்கு வரமாட்டார். சந்தின் படம் ஒன்றை எடுத்து அவருக்கு நீங்களே அனுப்புங்கள்.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரை நம்பி, கட்டடத்தை ஆராயும் சர்வேயை விடாதீர்கள். அவர் வருவது வங்கியின் பணத்தைக் காக்க. மரச்சட்ட வீட்டுக்கு, சர்வேயர்கள் மூன்றாம் நிலை என்று சொல்லும் முழு ஆய்வு தேவை.

நம் ஊரில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. இங்கே விலை ஒத்துக்கொண்ட பிறகும் மாதக்கணக்கில் இரு தரப்பையும் எதுவும் கட்டாது. அதிக விலை தருபவர் வந்தால் விற்பவர் மாறிவிடலாம். சர்வேக்குக் கொடுத்த பணம் போனதுதான். மோசமான ஏற்பாடு என்பது என் எண்ணம். ஆனால் அதே காலம்தான் நீங்களும் தண்டமில்லாமல் விலகக்கூடிய காலம். ஒப்பந்தம் கைமாறி, வழக்கமான 10 சதவீத டெபாசிட் போன பிறகு விலகினால் அந்தப் பணம் திரும்பாது.

விற்பவர் நிரப்பும் சொத்து விவரப் படிவத்தில் வெள்ளம், அண்டை வீட்டுத் தகராறு பற்றியெல்லாம் கேள்விகள் உண்டு. பதிலில் பொய் இருந்தால் 1967ஆம் ஆண்டுத் தவறான தகவல் சட்டப்படி நஷ்டஈடு கேட்கலாம். சில வேளை விற்பனையையே ரத்து செய்யலாம். 2025 பிப்ரவரியில் மேற்கு லண்டனில் 3.25 கோடி பவுண்டு மாளிகை ஒன்றின் விற்பனையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பூச்சித் தொல்லை உண்டா என்று வாங்குபவரின் வக்கீல் கேட்டிருந்தார். கம்பளிக் காப்புப் பொருளில் அந்துப்பூச்சி பெருகியிருந்தது. பதிலில் அது மறைக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு கேள்வி எழுத்தில் இல்லாதிருந்தால் வழக்கு நின்றிருப்பது கடினம். வீட்டை விற்றுத்தரும் ஏஜென்ட்டுக்கும் பொறுப்பு உண்டு: வாங்கும் முடிவைப் பாதிக்கும் முக்கியத் தகவலை அவர் மறைக்கக் கூடாது.

தமிழர்கள் அதிகம் அடிபடும் இடம், வீடு வாங்கும்போது கட்டும் முத்திரை வரி. உலகத்தில் எங்காவது உங்கள் பெயரில் 40,000 பவுண்டுக்குக் குறையாத வீடோ வீட்டுப் பங்கோ இருந்தால், இங்கே வாங்குவது பொதுவாகக் கூடுதல் வீடாகக் கணக்காகும். சென்னை ஃப்ளாட்டும் கணக்குதான், யாழ்ப்பாணத்து வீடும் கணக்குதான். சேர்ந்து வாழும் கணவன் மனைவியில் ஒருவர் பெயரில் இருந்தாலும் போதும். 3,00,000 பவுண்டு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி முதல்முறை வாங்குபவருக்கு வரி இல்லை. சாதாரணமாக வாங்குபவருக்கு 5,000 பவுண்டு. கூடுதல் வீடு என்றால் 20,000. முதல்முறைச் சலுகைக்கு விதி இன்னும் கடுமை: அப்பா எழுதி வைத்த வீட்டில் எப்போதோ பங்கு இருந்து விற்றிருந்தாலும் சலுகை போய்விடும். குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு அதற்குப் பதிலாக வாங்குபவருக்குக் கூடுதல் வரியிலிருந்து விலக்கு உண்டு. ஊர்ச் சொத்தைச் சொலிசிட்டரிடம் மறைக்காதீர்கள். பிறகு தெரிந்தால் வரியோடு வட்டியும் அபராதமும் சேரும்.

ஏஜென்ட் மேல் புகார் என்றால் முதலில் அவர் நிறுவனத்துக்கே எழுத வேண்டும். ஒவ்வொரு ஏஜென்ட்டும் அங்கீகரித்த குறைதீர்ப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்து அங்கே போகலாம், செலவில்லை. சொலிசிட்டருக்கும் அதே வரிசைதான்: நிறுவனத்துக்கு எட்டு வாரம் கொடுத்துவிட்டு சட்டத் துறைக் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும். பொதுவாகத் தவறு நடந்த ஓராண்டுக்குள் அங்கே போய்விட வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

பணம் அனுப்பும் நாளில் சொலிசிட்டர் பெயரில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மின்னஞ்சல் வந்தால் அதை மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பில் கையில் வாங்கிய எண்ணுக்கு அழைத்து, கணக்கு எண்ணை வாயால் ஒப்பிட்ட பிறகே அனுப்புங்கள். இப்படி ஏமாந்தவருக்கு வங்கிகள் பணம் திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் முதல் இருக்கிறது. அதன் உச்சவரம்பு 85,000 பவுண்டு. வீட்டுப் பணம் பெரும்பாலும் அதைவிட அதிகம்.