தாய்மாமனுக்கு வந்த நோய்



அரசாங்கக் கிளினிக்கில் 42 வயது ஆடவர் ஒருவரிடம், "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா?" என்று மருத்துவர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அவர் தம் தந்தையை நினைக்கிறார். பெரியப்பா, சித்தப்பாமாரை நினைக்கிறார். "இல்லை, டாக்டர்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால், தாயைப் பெற்ற தாத்தா எதனால் இறந்தார் என்பது அவருக்குத் தெரியாது. தாய்மாமன் மூத்திரம் போக முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்த செய்தியை வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதும் இல்லை. அந்த 'இல்லை' என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சுரப்பி. மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சுற்றி, பெரிய கொட்டைப்பாக்கு அளவில் இருக்கும். விந்துநீரின் ஒரு பகுதி இதில்தான் ஊறுகிறது. வயது ஏற ஏற இது பருப்பது இயல்பு. இரவில் நாலைந்து முறை எழுந்து போகும் தாத்தாமார் எல்லாருக்கும் புற்றுநோய் என்று எண்ணிவிடலாகாது. பருப்பது வேறு, புற்று வேறு. புற்று பெரும்பாலும் 65 வயதைக் கடந்தவர்களையே பிடிக்கிறது. 40க்கு முன் வருவது மிக அரிது. பலருக்கு அது ஆமை வேகத்தில் வளர்ந்து, கடைசிவரை தொல்லை தராமலே இருந்துவிடுவதும் உண்டு. ஆனால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பருவத்தில், 45 அல்லது 50 வயதில் ஒருவருக்கு வந்தால், 'இது குடும்பத்தில் இறங்கி வந்ததோ?' என்று கேட்டே ஆக வேண்டும்.

குடும்பத்தில் இறங்குவது என்றால் என்ன? பால்மரத்தோடு பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும். ஒட்டுக்கன்றுகளில் சில இனம் பால் நிறையக் கொடுக்கும்; ஆனால் பலத்த காற்றுக்குச் சீக்கிரம் முறியும். அந்தப் பலவீனம் கன்றிலேயே இருக்கிறது. காற்று அடிக்காவிட்டால் மரம் முறியாமலே தன் காலத்தை முடித்துக்கொள்ளும். மனிதரிடமும் அப்படித்தான். பரம்பரையாக இறங்குவது நோயன்று. நோய்க்கு இடம் கொடுக்கும் பலவீனம்.

நம் உடலின் உயிரணுக்களில் மரபணுக்கள் சோடி சோடியாக இருக்கின்றன. ஒன்று தாய் கொடுத்தது, மற்றது தந்தை கொடுத்தது. அவற்றுள் பி.ஆர்.சி.ஏ.2 என்பது ஒன்று. உயிரணுக்குள் ஏற்படும் பழுதைச் சரிசெய்வது இதன் வேலை. 1990களின் நடுவில் இதைக் கண்டுபிடித்தபோது, மார்பகப் புற்றுநோயோடுதான் இதைச் சேர்த்துப் பேசினார்கள். இந்த மரபணு பழுதாக இருந்தால் ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்று இளவயதிலும், வேகமாகப் பரவும் வகையிலும் வரக்கூடும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பழுதான மரபணு பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இறங்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மகன், மகள் என்ற பேதம் இல்லை.

இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். பெண்ணுக்குப் புராஸ்டேட் கிடையாது. ஆகவே தாத்தாவின் பலவீனம் மகளிடம் அந்த நோயாகத் தலைகாட்டாமல், அவள் வழியாகப் பேரனுக்குப் போய்ச் சேரலாம். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் தாய்மாமனை முன்னே நிறுத்துகிற நாம், அவருக்கு வந்த நோயை மட்டும் 'அது வேறு குடும்பம்' என்று ஒதுக்கிவிடுகிறோம்.

அமெரிக்காவில் யூட்டா என்று ஒரு மாநிலம் உண்டு. அங்குள்ள மோர்மன் சமயத்தார் தம் சமயக் கடமையாகத் தலைமுறை தலைமுறையாக வம்சாவளியை எழுதி வைப்பவர்கள். 1960இல் அங்கு ஆராய்ந்தபோது, புராஸ்டேட் புற்றால் இறந்தவர்களின் தந்தைமார், சகோதரர்களிடையே அதே நோயால் ஏற்பட்ட மரணம், மற்றவர்களிடையே இருந்ததைவிட ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. பின்னர்ப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், தந்தைக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்நோய் இருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. இருவருக்கு இருந்தாலோ, இளவயதில் வந்திருந்தாலோ இன்னும் அதிகம்.

நம்மிடம் அப்படிப்பட்ட ஏடு இல்லை. தாத்தா கப்பலேறி வந்தார். அவருடைய அண்ணன் தம்பிகள் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியதிலும், லயத்து வீட்டை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோனதிலும் இருந்த காகிதங்களும் தொலைந்தன. பாட்டியைக் கேட்டால், "இடுப்பு வலி, படுத்த படுக்கையாகக் கிடந்து போய்ச் சேர்ந்தார்" என்பார். இந்தப் புற்று முற்றினால் பெரும்பாலும் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும்தான் பரவுகிறது. இடுப்பு வலி எல்லாம் புற்று என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் மூத்திர அடைப்பும் தீராத எலும்பு வலியும் சேர்ந்திருந்தால், அதை மருத்துவரிடம் சொல்வது நல்லது.

மறைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'வெளியே தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள்' என்ற பயம். இந்தப் பயத்தை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. ஆனால் இது ஒட்டிக்கொள்ளும் நோயும் அன்று, நடத்தையால் வந்த நோயும் அன்று. அதோடு, எல்லாக் குடும்பத்துக்கும் உள்ள ஆபத்தும் அன்று. பிரிட்டனில் 55 வயதுக்குள் இந்நோய் கண்ட 263 ஆடவரைச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், 6 பேரிடம்தான் பி.ஆர்.சி.ஏ.2 பழுது இருந்தது. இருக்கிற அந்தச் சிலருக்கு, முன்னரே தெரிவது உயிர் காக்கும் செய்தி. அவர்களுடைய அக்கா தங்கைகளுக்கும் அப்படியே. அதே பழுது பெண்களுக்கு மார்பகத்திலும் சூலகத்திலும் புற்று வர இடம் கொடுக்கிறது.

என்ன செய்வது? தந்தைக்கோ சகோதரருக்கோ 65 வயதுக்குள் இந்நோய் வந்திருந்தால் 45 வயதிலேயே மருத்துவரிடம் பேசலாம். நெருங்கிய உறவினர் பலருக்கு வந்திருந்தாலோ, பி.ஆர்.சி.ஏ.2 பழுது இருப்பது தெரிந்தாலோ 40 வயதிலேயே பேச வேண்டும். பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை செய்வார்கள். புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் ஒரு பொருள் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். அந்த எண் உயர்ந்தாலே புற்று என்று அழுதுவிட வேண்டாம். சுரப்பி பருத்தாலும், அதில் கிருமி தொற்றினாலும் உயரும். ஐயம் இருந்தால் ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் சிறிது சதை எடுத்துப் பார்ப்பார்கள். மரபணுப் பரிசோதனை இரத்தத்திலோ எச்சிலிலோ செய்வது. நோய் கண்டவர் உயிரோடிருந்தால் முதலில் அவருக்குச் செய்வதே பயனுள்ளது. பழுது கிடைத்தால் மற்றவர்களுக்கு அதையே தேடினால் போதும். நோயாளிக்கும் இதனால் நன்மை உண்டு. இத்தகைய பழுதுள்ள, நோய் முற்றியவர்களுக்கென்றே ஓலபாரிப் என்ற மாத்திரைக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கிளினிக்குக்குப் போகுமுன் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில் இரு பக்கத்து உறவையும் எழுதுங்கள். யாருக்கு என்ன நோய், எத்தனை வயதில் வந்தது. வயது முக்கியம், 75இல் வந்ததும் 48இல் வந்ததும் ஒன்றல்ல. தாய் வழியை எழுத அம்மாவையே உட்கார வைத்துக் கேளுங்கள். பரிசோதனை செய்தால் அந்தச் சீட்டையும் அதே நோட்டில் ஒட்டி வையுங்கள். பி.எஸ்.ஏ. எண்ணை மருத்துவர் தனியே பார்ப்பதைவிட, முன்பு எடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அவருக்கு அதிகம் விளங்கும்.